பழைய சமையலறை அலுமாரிகளிலிருந்து கராஜ் களஞ்சியமும் பணிமேசையும்

மீள்பயன்பாடு, மீள்சுழற்சி ஆகிய இரண்டு சொற்களையும் மாணவர் பலர் ஒரே கருத்தில் எழுதிவிடுகின்றனர். இரண்டும் வேறு வேறானவை. ஒரு பொருளின் உருவத்தைப் பெரிதும் மாற்றாமல் மறுபடியும் பயன்படுத்துவது மீள்பயன்பாடு. அப்பொருளை உடைத்து, உருக்கி அல்லது கூழாக்கி வேறொரு பொருளுக்கு மூலப்பொருளாக்குவது மீள்சுழற்சி. வெற்றுச் சோடாப் போத்தலைக் கழுவி மறுபடி நிரப்பினால் மீள்பயன்பாடு. அதனை நொறுக்கி உலையில் இட்டுப் புதுக் கண்ணாடி செய்தால் மீள்சுழற்சி. இரண்டாவதற்குச் சக்தி அதிகம் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டகப் பணிப்புரையில் மீள்பயன்பாடு மீள்சுழற்சிக்கு மேலே வைக்கப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொள்ள ஓர் உண்மையான உதாரணத்தை எடுப்போம். பிரித்தானியாவில் வீடு ஒன்றின் சமையலறையைப் புதுப்பிக்கும்போது பழைய அலுமாரிகள் முழுத் தொகுதியாகக் கழற்றப்படுகின்றன. கதவின் நிறம் பழையதாகிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். பெட்டிகள் உறுதியாகவே இருக்கும். அவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் வீட்டுடன் சேர்ந்த கராஜினுள் களஞ்சிய அலுமாரியாகவும் பணிமேசையாகவும் மாற்றி அமைப்பது அங்கு நெடுநாளாக உள்ள வழக்கம். பார்வைக்கு இலகுவான வேலை. ஆனால் இதில் விசைத் திருப்பம், பொருள்களின் இயல்புகள், கட்டமைப்பின் உறுதி, பாதுகாப்பு என நீங்கள் படிக்கும் பல விடயங்கள் ஒன்றுசேர்கின்றன. தவறாகச் செய்தால் ஐம்பது கிலோகிராம் சுமை ஒருவரின் தலையில் விழும்.

எல்லா அலுமாரிகளும் ஏன் ஒரே அளவில் உள்ளன?

பொருத்து சமையலறை என்னும் எண்ணத்துக்கு முன்னோடியாகக் கூறப்படுவது 1926இல் மாகரெட்டே ஷூற்றே லிகொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொடர்மாடி வீடுகளுக்காக வரைந்த சமையலறையாகும். ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட சிறிய அறை அது. சமைப்பவர் வீணாக நடக்கும் தூரத்தைக் குறைக்கும் வகையில் ஒவ்வொரு அலுமாரியும் இடம் பார்த்து அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. ஒரே மாதிரியை ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டுமாயின் அளவுகள் நியமப்படுத்தப்பட வேண்டும் அல்லவா?

இன்று பிரித்தானியச் சந்தையில் உள்ள அடி அலுமாரியின் பெட்டி பொதுவாக 720 மி.மீ. உயரமும் ஏறத்தாழ 570 மி.மீ. ஆழமும் உடையது. அதன் கீழே ஏறக்குறைய 150 மி.மீ. உயரமான பிளாஸ்ரிக் கால்கள். மேலே 38 மி.மீ. தடிப்பான மேற்பலகை. மூன்றையும் கூட்டினால் 908 மி.மீ.; நடைமுறையில் 910 என்பர். அகலம் 300, 400, 500, 600, 800, 1000 மி.மீ. என வரும். சுவர் அலுமாரியின் ஆழம் ஏறத்தாழ 300 மி.மீ. மாத்திரமே. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் சில மில்லிமீற்றர் வித்தியாசப்படலாம். ஆயினும் ஒரு வீட்டில் கழற்றியதை இன்னொரு வீட்டில் பொருத்துவதற்கு இந்த நியமம் போதுமானது. மீள்பயன்பாட்டுக்கு நியம அளவு எவ்வளவு உதவுகின்றது என்பதைக் கேட்கும் வினாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

துணிக்கைப் பலகையின் நன்மையும் தீமையும்

இந்த அலுமாரிகளின் பக்கங்களும் தட்டுகளும் மரத்தினாலானவை என்று எழுதுவது முழுச் சரியன்று. அவை 15 அல்லது 18 மி.மீ. தடிப்புள்ள துணிக்கைப் பலகை. மரச் சீவல்களையும் துணிக்கைகளையும் யூரியா போமல்டிகைட்டுப் பிசினுடன் கலந்து, வெப்பமும் அமுக்கமும் கொடுத்துப் பலகையாக்குவர். மேற்பரப்பில் மெலமைன் பிசின் ஊட்டிய தாள் ஒட்டப்படும். இதன் அடர்த்தியை ஏறத்தாழ 650 kg m⁻³ எனக் கொள்ளலாம்.

மெலமைன் மேற்பரப்பு இருக்கும் வரை நீர் உட்செல்லாது. வெட்டிய விளிம்பே இதன் பலவீனமான இடம். யூரியா போமல்டிகைட்டுப் பிசின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைவடையும். அமுக்கப்பட்டிருந்த துணிக்கைகள் நீரை உறிஞ்சி வீங்கும். ஈரமான பலகை காய்ந்த பின்னரும் பழைய தடிப்புக்குத் திரும்புவதில்லை, இழந்த உறுதியும் மீள்வதில்லை. எனவே அலுமாரியைத் தெரிவு செய்யும்போது கதவின் அழகைப் பார்த்துப் பயனில்லை. சிங்குக்குக் கீழிருந்த பெட்டியின் அடிப்பலகையை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு பாண் போல உப்பியிருந்தால் அப்பெட்டி சுமை தாங்கும் வேலைக்கு உதவாது. அதன் கதவு, பிணைச்சல், லாச்சி ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை விட்டுவிடுவதே புத்தி.

இன்னொரு குறைபாடும் உண்டு. துணிக்கைப் பலகையில் திருகாணியின் பிடிப்பு மரத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதிலும் விளிம்பில் செலுத்திய திருகாணி, முகத்தில் செலுத்தியதைவிட இலகுவில் கழன்றுவிடும். ஒருமுறை கழற்றிய துளையில் அதே திருகாணியை மறுபடி செலுத்தினால் அது சுழலுமே தவிரப் பிடிக்காது. இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, மரமுளை ஒன்றைப் பசையிட்டு அறைந்து, காய்ந்த பின் அதன் நடுவில் புதுத் துளையிடலாம். அல்லது மூலையில் உட்புறமாக ஒரு மரச் சட்டத்தை வைத்து இரு பலகைகளையும் அச்சட்டத்துடன் பிணைக்கலாம். கராஜ் வேலைக்கு இரண்டாவதையே நாம் சிபாரிசு செய்வோம். அழகு குறைவு, உறுதி அதிகம்.

எல்லாப் பழைய அலுமாரிகளும் துணிக்கைப் பலகையினாலானவை அல்ல என்பதையும் கூறவேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இங்கிலாந்தின் வோரிக் நகரில் 'இங்கிலிஷ் றோஸ்' என்ற பெயரில் அலுமினியச் சமையலறை அலுமாரிகள் செய்யப்பட்டன. விமானங்களுக்கென இருந்த அலுமினியம் போர் முடிந்ததும் சமையலறைக்கு வந்தது! இன்று அவற்றைத் தேடி வாங்குவோர் உள்ளதால் ஒருவரும் கராஜில் பெயின்ற் வாளி வைக்க அவற்றைப் பயன்படுத்தார்.

கழற்றும்போது

மின், நீர், வாயு இணைப்புகள் துண்டிக்கப்பட்ட பின்னரே அலுமாரியைத் தொடவேண்டும். பிரித்தானியாவில் வாயு இணைப்பைத் தொழிலாகக் கையாள்பவர் 2009 முதல் 'காஸ் சேவ்' பதிவேட்டில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். கதவுகளையும் லாச்சிகளையும் முதலில் அகற்றினால் பெட்டியின் திணிவு குறையும். சுவர் அலுமாரியை ஒருவர் தாங்கிக்கொள்ள மற்றவர் கழற்றவேண்டும். ஒவ்வொரு பெட்டியின் திருகாணிகளையும் தனித்தனிப் பொலித்தீன் பையிலிட்டு இலக்கமிடுக. பெட்டியை முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை. பிரித்துப் பூட்டுந்தோறும் மூட்டுகள் தளரும்.

சுவரில் தொங்கும் அலுமாரி எவ்வளவு தாங்கும்?

கராஜின் உள்ளகலம் 2.4 மீற்றர், காரின் அகலம் 1.8 மீற்றர் எனக் கொள்வோம். மீதி 0.6 மீற்றர். 570 மி.மீ. ஆழமான அடி அலுமாரியைப் பக்கச் சுவரில் வைத்தால் காரின் கதவைத் திறக்க இயலாது. எனவே அடி அலுமாரிகள் பின்சுவருக்கும், 300 மி.மீ. ஆழமான சுவர் அலுமாரிகள் பக்கச் சுவருக்கும் உரியன. அவற்றைக் காரின் முன்மூடிக்கு மேலாகவும் பொருத்தலாம்.

இப்போது கணிப்புக்கு வருவோம். 600 மி.மீ. அகலம், 720 மி.மீ. உயரம், 300 மி.மீ. ஆழம் உள்ள ஓர் அலுமாரியில் இரண்டு பக்கங்கள், மேலும் கீழும் ஒவ்வொரு பலகை, இரண்டு தட்டுகள், ஒரு கதவு உள்ளன. இவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1.54 m². தடிப்பு 0.018 m ஆதலால் கனவளவு ஏறக்குறைய 0.0277 m³. அடர்த்தியால் பெருக்கினால் திணிவு 18 kg. வெற்று அலுமாரியே இவ்வளவு! அதனுள் 32 kg பொருள்களை வைத்தால் மொத்தம் 50 kg. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 m s⁻² எனக் கொண்டால் நிறை 500 N.

புவியீர்ப்பு மையம் சுவரிலிருந்து 0.15 m தூரத்தில் உள்ளது எனக் கொள்வோம். அலுமாரியின் பின்புறக் கீழ் விளிம்பு சுவரில் முட்டி நிற்கின்றது. மேலே இரண்டு தொங்கு கொளுவிகள் அதனைச் சுவருடன் இழுத்துப் பிடிக்கின்றன. கொளுவிகள் கீழ் விளிம்பிலிருந்து 0.67 m உயரத்தில் உள்ளன. கீழ் விளிம்பு பற்றித் திருப்பம் எடுத்தால்,

500 N × 0.15 m = T × 0.67 m

T = 112 N (ஏறத்தாழ)

அதாவது ஒவ்வொரு கொளுவியும் சுவரிலிருந்து 56 N விசையினால் வெளியே இழுக்கப்படுகின்றது. இதற்கு மேலதிகமாக ஒவ்வொன்றும் 250 N நிறையைக் கீழ்நோக்கித் தாங்குகின்றது. நல்ல செங்கல்லில் சரியான றோல்பிளக் இட்டுத் திருகாணி செலுத்தினால் இது பெரிய விசை அன்று.

ஆனால் கதவைத் திறந்து அதில் ஒரு பிள்ளை தொங்கினால் என்ன நடக்கும்? பிள்ளையின் திணிவு 30 kg எனவும், அது சுவரிலிருந்து 0.8 m தூரத்தில் தாக்குகிறது எனவும் கொள்வோம். மேலதிகத் திருப்பம் 300 × 0.8 = 240 N m. முன்னைய 75 N m உடன் சேர்ந்து 315 N m. அப்போது T ஏறத்தாழ 470 N ஆகின்றது. நான்கு மடங்குக்கும் அதிகம். அதுவும் இரு கொளுவிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படாது; பிணைச்சல் உள்ள பக்கக் கொளுவியே பெரும்பங்கைத் தாங்கும். பிள்ளைகள் நடமாடும் கராஜில் சுவர் அலுமாரியின் கதவுகளைக் கழற்றிவிடுவது அல்லது எட்டாத உயரத்தில் பொருத்துவது ஏன் நல்லது என்பதற்கு இதுவே எண் வழியான விடை. பரீட்சையில் 'பாதுகாப்புக்காக' என்று ஒரே சொல்லில் எழுதும் மாணவர், திருப்பத்தின் தூரம் அதிகரிப்பதைக் குறிப்பிட்டு எழுதும் மாணவருக்குச் சமமாகப் புள்ளி பெறமுடியாது.

சுவரும் தன் பங்கைச் செய்யவேண்டும். பிரித்தானியக் கராஜ்கள் பல ஒற்றைச் செங்கல் சுவரால் ஆனவை. செங்கல்லின் அகலமாகிய 102.5 மி.மீ. தான் சுவரின் தடிப்பு. துளையைச் செங்கல்லின் நடுவில் இடவேண்டும், சாந்து மூட்டில் இடலாகாது. சில கராஜ்கள் முன்வார்ப்புக் கொங்கிரீற்றுத் தகடுகளால் ஆனவை. அவற்றைத் துளைத்தால் மெல்லிய தகடு வெடிக்கலாம், உள்ளிருக்கும் கம்பிக்கும் சேதம் ஏற்படலாம். அங்கு அலுமாரியைத் தரையில் நிற்கும் மரச் சட்டகத்தில் ஏற்றுவதே வழி. பழைய கராஜ்களின் கூரைத் தகடுகள் கல்நார்ச் சீமெந்தினால் ஆனவையாக இருக்கக்கூடும். அந்நாட்டில் கல்நார்ப் பயன்பாடு 1999இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அத்தகைய தகட்டைத் துளைக்கவோ அரியவோ கூடாது.

தட்டுகள் தொய்வது ஏன்?

சமையலறையில் கோப்பையும் பீங்கானும் தாங்கிய தட்டில் கராஜில் ஆணிப் பெட்டியும் பெயின்ற் வாளியும் ஏறும். சீராகப் பரவிய சுமையுள்ள தட்டு ஒன்றின் நீளத்தை இரட்டித்தால், ஒவ்வொரு மீற்றருக்கும் உரிய சுமை மாறாதபோது, நடுவில் ஏற்படும் தொய்வு 16 மடங்காகும். தடிப்பை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகும். 1000 மி.மீ. அகலமான அலுமாரியின் தட்டு தொய்வதும் 500 மி.மீ. தட்டு நிமிர்ந்து நிற்பதும் இதனாலேயே. துணிக்கைப் பலகை நீண்டகாலச் சுமையில் நாளுக்கு நாள் மேலும் தொய்யும் இயல்புடையது. இன்று நேராக இருப்பது ஒரு வருடத்தில் வளைந்திருக்கும்.

இதைத் தடுக்க மீதியாகும் பலகைகளே உதவும். இரண்டு 18 மி.மீ. தட்டுகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விறைப்பு இரு மடங்கு. அவற்றை முழுப்பரப்பிலும் பசையிட்டு ஒட்டினால் எட்டு மடங்கு! ஒட்டும் முன் மெலமைன் பூச்சைத் தேய்த்துக் கரடாக்காவிட்டால் சாதாரண மரப்பசை பிடிக்காது. அது கடினமாகத் தோன்றினால், தட்டின் முன் விளிம்பில் மரச் சட்டம் ஒன்றைச் செங்குத்தாகத் திருகாணியிட்டுப் பொருத்துவது இலகுவான வழி.

பணிமேசை

இரண்டு அல்லது மூன்று அடி அலுமாரிகளை அருகருகே நிறுத்தி, பக்கங்களை ஒன்றோடொன்று போல்ற் இட்டுப் பூட்டி, மேற்பலகையை ஏற்றினால் மேசை தயார் எனத் தோன்றும். சமையலறையில் சுமை கீழ்நோக்கியது. பணிமேசையில் சீவுளி தள்ளும்போதும் வாளால் அரியும்போதும் விசை கிடையாகத் தாக்குகிறது. வித்தியாசம் இங்கேதான்.

கிடைவிசையில் செவ்வகப் பெட்டி இணைகரமாகச் சரிய முயலும். அதைத் தடுப்பது பெரும்பாலும் பின்புறத்தில் உள்ள மெல்லிய வன்பலகையே. 3 மி.மீ. தடிப்பான அப்பலகை அற்பமாகத் தோன்றும்; சுவரில் உள்ள குழாய்க்கு இடம்விட வேண்டுமென்று அதனை வெட்டி எறிந்துவிடுவோர் பலர். வெட்டினால் பெட்டி ஆடும். பின்பலகை இல்லாத பெட்டிக்கு மூலைவிட்டமாக ஒரு சட்டத்தைப் பொருத்துக. மூலைவிட்டம் செவ்வகத்தை இரு முக்கோணங்களாக்குகின்றது. பக்க நீளங்கள் மாறாதவரை முக்கோணத்தின் உருவம் மாறாது.

பிளாஸ்ரிக் கால்களும் அவ்வாறே. நிலைக்குத்துச் சுமையை நன்கு தாங்கும், பக்கவாட்டுத் தள்ளுதலில் முறியும். அவற்றை நீக்கிவிட்டு 100 மி.மீ. உயரமான மரச் சட்டத்தால் அடிப்பீடம் அமைத்து, அதன் கீழே ஈரந்தடுக்கும் தடித்த பிளாஸ்ரிக் படலம் ஒன்றை விரிக்க வேண்டும். கராஜின் கொங்கிரீற்றுத் தரை ஈரமாகும். காரிலிருந்து வடியும் மழைநீரும் சேரும். பெட்டியை நேரே தரையில் வைத்தால் ஓரிரு மாரியிலேயே அடி விளிம்பு உப்பிவிடும். பின்பு மேசையைச் சுவருடன் பிணைத்துவிட்டால் சீவுளி தள்ளும்போது அது நகராது.

இப்போது உயரம் 100 + 720 + 38 = 858 மி.மீ. இது தற்செயலாக நல்ல அளவாகவும் அமைகிறது. மரம் சீவுதல் போன்ற பலம் பிரயோகிக்கும் வேலைக்கு மேசை, முழங்கையைவிட நன்கு தாழ்ந்திருத்தல் வேண்டும். நுணுக்கமான வேலைக்கு மாத்திரம் உயரம் கூடியிருக்கலாம்.

மேற்பலகையில் சிங்குக்காக வெட்டிய பெருந்துளை இருந்தால் அதன் மேல் 18 மி.மீ. ஒட்டுப்பலகையை முழு நீளத்துக்கும் விரித்துத் திருகாணியிடுக. துளை இல்லாவிட்டாலும் இது நன்று. சுத்தியல் அடியை மெலமைன் பூச்சு தாங்காது. ஒட்டுப்பலகை பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். இரும்பு வைஸைப் பெட்டியின் நடுவில் பொருத்துவது பெருந்தவறு. அதைப் பக்கப் பலகைக்கு நேர்மேலே வைத்து, போல்ற் மேற்பலகையை ஊடுருவிச் செல்லும் இடத்தில் கீழே தடித்த மரத்துண்டு ஒன்றையும் அகன்ற வளையத்தையும் இடவேண்டும். கம்மாலை வேலை போல ஓங்கி அடிக்கும் வேலை உண்டெனின் இந்த மேசை போதாது. தரைவரை செல்லும் மரக்கால்கள் உள்ள மேசை தேவை.

எதை உள்ளே வைக்கக்கூடாது?

பெற்றோல் ஆவி வளியைவிட அடர்த்தி கூடியது. தாழ்வான இடத்தில் தேங்கும். மூடிய அடி அலுமாரி அத்தகைய இடமே. பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வீட்டில் 30 லீற்றர் வரை, உரிய கொள்கலன்களில், அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் வைத்திருக்க இடமளிக்கின்றன. சட்டம் இடமளிப்பதால் மின் ஆளி உள்ள பணிமேசையின் கீழே வைக்கலாம் என்று கருதக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி லாச்சியில் போடுவதும் ஆபத்து. எண்ணெய் வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கம்புரிந்து வெப்பத்தை வெளிவிடும். வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானாகவே தீப்பற்றலாம். அதனை வெளியே விரித்து உலர்த்தவேண்டும். கிருமிநாசினி, பெயின்ற் கரைப்பான் முதலியவற்றுக்குப் பூட்டுள்ள சுவர் அலுமாரி ஏற்றது.

பலகையை அரியும்போது எழும் தூசும் சாதாரணமானதன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் மரத்தூசை 1995இலும் போமல்டிகைட்டை 2004இலும் மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் காரணிகளின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. இயன்றவரை அரியாமல் முழுப் பெட்டியாகவே பயன்படுத்துக; அரிய நேர்ந்தால் திறந்த வெளியில், தூசு வடிக்கும் முகமூடியுடன் அரிக.

எமது நாட்டில்

இலங்கையில் பான்ரி அலுமாரி என அழைக்கப்படுபவையும் பெரும்பாலும் மெலமைன் பூசிய பலகையாலானவை. மேற்கூறிய கணிப்புகள் அப்படியே பொருந்தும். இங்கு ஈரப்பதன் அதிகம். அத்துடன் கறையான் உண்டு. ஆகையால் சுவரிலிருந்து சிறிது விலக்கி, அடிப்பகுதியைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக உயர்த்தி வைப்பது நல்லது. மரச் சட்ட அடிப்பீடத்துக்குப் பதிலாகச் சீமெந்துக் கட்டு ஒன்றின் மேல் வைத்தால் இரண்டு பிரச்சினைகளும் குறையும்.

பயிற்சி வினா

பழைய சுவர் அலுமாரி ஒன்றின் வெற்றுத் திணிவு 16 kg. அதனுள் 44 kg பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. புவியீர்ப்பு மையம் சுவரிலிருந்து 0.15 m தூரத்தில் உள்ளது. கொளுவிகள் கீழ் விளிம்பிலிருந்து 0.60 m உயரத்தில் உள்ளன. (g = 10 m s⁻²)

(அ) இரு கொளுவிகளும் சேர்ந்து தாங்கும் கிடை இழுவிசையைக் காண்க.

(ஆ) பாரமான பொருள்களைச் சுவரை ஒட்டி அடுக்கியதால் புவியீர்ப்பு மையம் 0.10 m ஆகியது. இழுவிசை எவ்வளவால் குறையும்?

(இ) அலுமாரியின் பின்பலகை கழன்றுள்ளது. உருவம் சரியாமல் தடுக்க நீர் செய்யும் ஒரு திருத்தத்தை வரிப்படத்துடன் விளக்குக.

விடை: (அ) 150 N (ஆ) 50 N